பளபளக்கும் கத்தியை நம்பாதீர்கள்

சவரக் கத்தியை விளக்குக்கு நேரே பிடித்து, "அண்ணே பாருங்க, முகமே தெரியுது" என்று யாராவது என்னிடம் பெருமை பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். முகம் பார்க்கத்தான் கடை நிறையக் கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறோமே, கத்தி எதற்கு? ஓய்வு பெற்ற பிறகும் கண்டியில் புதிதாகத் திறக்கிற சலூன்களுக்குள் தலையை நீட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை. போகிற இடமெல்லாம் இந்தப் பளபளப்பைத்தான் காட்டுகிறார்கள். அந்தக் கத்தியால் ஒரு தாடையை வழித்துக் காட்டு என்றால் பேச்சு மாறிவிடுகிறது.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களுக்குக் கத்தி பிடிக்க நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைப் பயிற்சியில் பழகியிருப்பீர்கள், மிச்சத்தைப் போனில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு காலை நேரத்தைப் பற்றி. கோபத்தோடுதான் சொல்வேன். நிதானமாகச் சொல்லலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். நிதானமாகச் சொன்னால் நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய் அதே பளபளப்புப் பேஸ்ட்டைக் கத்தி இழுக்கிற தோல்வாரில் பூசுவீர்கள்.

நான் கடைசியாக வேலை செய்த கடை கண்டி நகரத்துக்குள் இருந்தது. முதலாளியின் பெயர் வேண்டாம். கடுகண்ணாவையில் அப்பா நடத்திய சின்னக் கடையில் பிறந்து வளர்ந்த மனிதர், தொழில் தெரிந்தவர். ஒரு காலத்தில் அவர் கத்தி தீட்டினால் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து இரவல் கேட்பார்களாம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவன் செய்திருந்தால் நான் இவ்வளவு கத்தமாட்டேன்.

கெட்ட மனிதர் என்றும் சொல்லமுடியாது. சாயந்தரம் எல்லாருக்கும் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கித் தருவார். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் கடையில் ஏசி பூட்டி, சுவருக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, தோல் கதிரைகள் போட்ட பிறகு அவருக்கு எல்லாமே பார்வைக்கு நன்றாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. மற்ற கடைகள் பிளேட் மாற்றுகிற கத்திக்குப் போய்விட்ட காலத்தில் நாங்கள் அசல் சவரக் கத்தியும் வைத்திருந்தோம். சுற்றுலா வருகிறவர்களும் கல்யாண மாப்பிள்ளைகளும் அதைக் கேட்டு வருவார்கள். கதிரையில் சாய்ந்துகொண்டு போனில் படம் எடுப்பார்கள். படத்தில் கத்தி மின்ன வேண்டும், அவ்வளவுதான்.

கத்திக்குக் கூர் தருவது கல். கல்லில் தீட்டி முடித்த பிறகு, பேஸ்ட் பூசிய வாரில் நாலு இழுப்பு, பிறகு வெறும் தோல்வாரில் சில இழுப்பு. பேஸ்ட் என்பது அரைக்கிற தூள் கலந்த பசை. தோல் மெத்தென்று இருப்பதால் கத்தியின் விளிம்பைச் சுற்றி வளைந்து கொடுக்கும். பேஸ்ட் பூசிய தோலில் இழுக்க இழுக்க விளிம்பு உருண்டைதான் ஆகும். அதனால்தான் பேஸ்ட்டைக் கொஞ்சமாகத் தொடவேண்டும், அதுவும் கல்லுக்குப் பிறகு. உருண்டுபோன கத்தி கண்ணாடி மாதிரி மின்னும், கை முடியைக்கூட வெட்டிக் காட்டும். தாடியில் வைத்தால் பிடித்து இழுக்கும். இழுக்கிற கத்தியை நம் கை தன்னை அறியாமல் அழுத்தும். வெட்டு விழுவது அந்த அழுத்தத்தில்தான்.

முதலாளிக்கு இது அத்தனையும் தெரியும். ஆனால் கல்லில் தீட்டினால் கத்திகள் அரை நாள் வேலைக்கு இல்லாமல் போகின்றன, தண்ணீரும் சேறுமாக மேசை அசிங்கமாகிறது என்று, கல்யாண மாதம் பிறந்ததும் கற்களைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கிற இடத்திலிருந்து ஒரு டின் பேஸ்ட் கொண்டு வந்தார். கார் கதவில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுக்கிற பேஸ்ட்! அதைக் கடையில் தொங்கிய எல்லா வாரிலும், வெறுமையாக இருக்கவேண்டிய தோலிலும் சேர்த்து, தன் விரலாலேயே பூசினார். ஒரு தடவை பேஸ்ட் ஏறிய தோல் பிறகு வெறும் தோலாகாது. கழுவினாலும் துடைத்தாலும் தூள் உள்ளேயே இருக்கும்.

"இது கார் தேய்க்கிற சாமான், மொதலாளி. மனுச மூஞ்சிக்கு ஆகாது" என்று அன்றே சொன்னேன்.

"அண்ணே, மின்னுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் என் சொந்தக் கத்தியையும் சொந்த வாரையும் ஒரு துவாலையில் சுற்றி வைத்துக்கொண்டேன். என்னிடம்தான் வருவோம் என்று பிடிவாதம் பிடிக்கிற வாடிக்கையாளர்கள் இருந்ததால் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கதிரையில் வேலை செய்த குமாருக்கு அந்தச் சலுகை கிடையாது. குமார் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்து குடும்பமானவன், முப்பது கடந்தவன், மென்மையான கைக்காரன். கல் வேண்டும் என்று அவன் முதலாளியிடம் கேட்டதை நானே என் காதால் கேட்டேன். "கல்யாண சீசன் முடியட்டும்டா" என்று பதில் வந்தது.

அந்தக் காலையில் கடை திறந்த உடனேயே சிவலிங்கம் ஐயா வந்தார். மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பழைய வாடிக்கை. அன்று அவருடைய ஒரே மகளுக்குத் தெல்தோட்டையில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக் கோயிலில் கல்யாணம். பெண்ணும் அம்மாவும் சொந்தக்காரர்களும் முதல் நாளே போய்விட்டார்கள். மகன் சுரேஷ் வேனை வெளியே நிறுத்திவிட்டு, "அண்ணே, பத்து மணிக்கு முகூர்த்தம். சட்டுனு முடிச்சு விடுங்க" என்றான். தெல்தோட்டைப் பாதை உங்களுக்குத் தெரியும், வளைவுக்கு மேல் வளைவு. நான் வேறொரு முகத்தில் பாதியில் இருந்தேன். முதலாளியே ஐயாவின் கையைப் பிடித்துக் குமாரின் கதிரையில் உட்காரவைத்தார். "பொண்ணோட அப்பாவுக்கு அசல் கத்திதான்" என்றார்.

குமார் நுரை போட்டான். வலது கன்னத்தில் கத்தியை வைத்தான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சத்தமே எனக்குச் சொல்லிவிட்டது. நல்ல கத்தி தாடியில் இறங்கினால் சரசரவென்று கேட்கும். இது ஒரு சத்தமும் இல்லாமல் போய், நின்று, பிறகு இழுத்தது. ஐயா முகத்தைச் சுளித்தார். குமார் கத்தியை எடுத்துப் போய் வாரில் இழுத்தான். எந்த வார்? அதே கார் பேஸ்ட் பூசிய வார். அவனுக்குக் கடையில் வேறு வார் ஏது? திரும்பி வந்து மறுபடியும் வைத்தான், மறுபடியும் பிடித்தது. கன்னத்துத் தோல் கத்தியோடு சேர்ந்து போவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"குமார், நிப்பாட்டு. மிச்சத்தை மெஷின்ல எடுத்து விடு" என்றேன்.

"கஸ்டமர் இருக்கிற நேரம் பேசாதீங்க அண்ணே" என்று முதலாளி குறுக்கே வந்தார். "நீ செய்டா. அவங்களுக்கு நேரமாகுது."

இந்த இடத்தில்தான் உங்களுக்கு முதலாவதாகச் சொல்லவேண்டியது இருக்கிறது. கத்தி பிடிக்கிறது என்று கை சொன்ன பிறகு, முதலாளி சொன்னாலும், கதிரையில் இருப்பவரே சொன்னாலும் தொடரக்கூடாது. பாதி முகத்தோடு எழுப்பி அனுப்புங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பாதி முகத்தோடு போனவன் நாளைக்கு உயிரோடு வந்து மீதியை எடுத்துக்கொள்வான்.

குமார் அழுத்தினான். தாடைக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. நகத்தளவு இருக்கும். எங்களுக்கெல்லாம் விழுந்தால் படிகாரத்தைத் தடவிவிட்டு மறந்துவிடுகிற கீறல். முதலாளி படிகாரத்தைத்தான் எடுத்தார். வைத்தார், எடுத்துப் பார்த்தார், வைத்தார், எடுத்துப் பார்த்தார். இரத்தம் நிற்கவில்லை. கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி சிவந்துகொண்டே போனது. ஐயா மட்டும் நேரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் என் கதிரையை விட்டுவிட்டு ஓடிப்போய், "ஐயா, நீங்க என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இருதயத்துல வால்வு மாத்தினதிலிருந்து ரத்தம் உறையாம இருக்க ஒரு குளிசை தம்பி. ஏன்?"

அந்தக் குளிசை குடிக்கிறவருக்குச் சின்னக் கீறலும் சின்னது இல்லை. நுரை போடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது. எத்தனை பேர் கேட்கிறீர்கள்? தேத்தண்ணி குடிக்கிறீர்களா, ஏசியைக் குறைக்கவா என்றெல்லாம் கேட்கத் தெரிகிறது. இதைக் கேட்க வாய் வருவதில்லை.

நான் சுத்தமான துவாலையை மடித்துக் கீறலில் வைத்து அழுத்தினேன். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

முதலாளி என் காதுக்கருகே குனிந்தார். "அண்ணே, ஆஸ்பத்திரின்னா கடை பேரு நாறிப் போயிடும். கொஞ்சம் இருங்க, நின்னுடும். பிளாஸ்டர் ஒட்டி வேன்ல ஏத்திடுவோம்."

வேனில் ஏற்றித் தெல்தோட்டை மலையில் பாதி வழியில் என்ன செய்வதாம்? அந்தக் கடையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னேன் என்று அச்சில் போடமுடியாது. கடை முழுக்க எழுந்து நின்றது. சுரேஷ் உள்ளே ஓடி வந்தான். நான் துவாலையிலிருந்து கையை எடுக்காமலே ஐயாவோடு வேனில் ஏறினேன்.

கண்டிக் குளத்தைச் சுற்றி வாகனங்கள் நகரவில்லை. ஐயா என்னைப் பார்த்து, "நேரத்துக்குப் போயிடலாமா தம்பி?" என்று கேட்டார். போயிடலாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அழுத்திய துணியைத் தூக்கிப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது, தூக்கவில்லை. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தை நிறுத்துவது விடாமல் அழுத்துகிற கைதான். தூக்கித் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துக் கட்டுப் போட்டார். இரத்தப் பரிசோதனை முடியும்வரை நகரவிடமுடியாது என்று சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை. ஆனால் ஐயா கட்டிலில் உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் என் பல் கடிபடுகிறது. வலது கன்னத்தில் திட்டுத் திட்டாக வழித்த அடையாளம். இடது கன்னத்தில் நரைத்த தாடி, அதன்மேல் காய்ந்துபோன நுரை. கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி வேனில் பையோடு கிடந்தது.

தெல்தோட்டையிலிருந்து அவருடைய தம்பியின் அழைப்பு வந்தது. சுரேஷ் போனை அப்பாவின் காதருகே பிடித்தான். மேளச் சத்தத்துக்கு இடையில் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "அண்ணே, ஐயர் அவசரப்படுறாரு. முகூர்த்தம் தப்பப் போகுது. என்ன செய்ய?"

"நீயும் உன் பொஞ்சாதியும் உக்காந்து தாரை வாத்துக் குடுங்க. நேரத்த விட்டுடாதீங்க" என்றார் ஐயா.

எங்கள் வழக்கத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது தம்பதியாகத்தான். அவர் இல்லாத இடத்தில் அவர் மனைவி தனியாக உட்காரமுடியாது. அது அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"அவ எங்க நிக்கிறா?" என்று கேட்டார். மகளை அல்ல, மனைவியைத்தான் கேட்டார்.

"அண்ணி பின்னால ஒதுங்கி நிக்கிறாங்கண்ணே."

ஐயா அழவில்லை. மகனிடம் கைலேஞ்சியை வாங்கி, காதோரம் காய்ந்திருந்த நுரையைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. பெற்ற தாய் தன் ஒரே மகளின் கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஒதுங்கி நின்றாள். எதற்காக? ஒரு மனிதன் கல்லை வெளியே எடுக்கச் சோம்பல்பட்டதற்காக. தகரத்தில் போடுகிற பேஸ்ட்டை வாரில் பூசியதற்காக. இதைப் போய் விபத்து என்று சொல்கிறவனை என் முன்னால் நிறுத்தாதீர்கள்.

கல்யாணச் சந்தடி அடங்கிய பிறகு ஒரு நாள் சுரேஷ் கடைக்கு வந்தான். சண்டை பிடிக்க வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கதவோரம் நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணும் வேணாம். பிழை யாருதுன்னு மட்டும் சொல்லுங்க. அம்மா வீட்டுல ஒவ்வொரு நாளும் கேக்குறாங்க" என்றான். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

முதலாளி கொஞ்சமும் தயங்கவில்லை. குமாரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன் கைதான் தம்பி. கை நடுங்கிப் போச்சு. நான் இன்னைக்கே வேலையில இருந்து நிப்பாட்டுறேன். கண்டியில ஒரு கடையிலயும் இவன சேர்க்கமாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

இந்தத் தொழிலில் 'கை நடுங்குகிறது' என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்தது. தன் கழுத்தை நம்பி யாரும் அவனிடம் தரமாட்டார்கள். குமாரின் முகம் செத்துவிட்டது. "மொதலாளி, நான் கல்லு கேட்டேன்தானே..." என்று மட்டும் சொன்னான்.

"கத்தியில என்னடா பிழை?" என்று முதலாளி கத்தினார். சுரேஷ் பக்கம் திரும்பி என்னைக் காட்டினார். "இந்தா நிக்கிறார் பாருங்க, கண்டியிலயே இவர் கைக்கு மிஞ்சின கை கிடையாது. இவரும் இதே கத்தியிலதான் ஷேவ் எடுக்கிறார், இதே வார்லதான் இழுக்கிறார். ஒரு கீறல் விழுந்திருக்கா? கேளுங்க."

பச்சைப் பொய். துவாலையில் சுற்றிய என் கத்தி மேசையிலேயே இருந்தது. அதைப் பிரித்துக் காட்டி மறுத்துப் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, யார் சொல்வது உண்மை என்று அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பான்? கோபம் வந்த நேரத்தில் மூளையும் கூட வந்தது என் வாழ்க்கையில் சில தடவைகள்தான். அது அதில் ஒன்று.

நான் போய்க் கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து குமாரின் கத்தியை எடுத்தேன். ஐயாவின் கழுத்தில் பட்ட அதே கத்தி. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி நுரை அடித்தேன். காலியாக இருந்த கதிரையைத் திருப்பினேன்.

"வாங்க மொதலாளி, உக்காருங்க" என்றேன்.

"என்னண்ணே வெளையாட்டு?"

"கத்தி நல்லதுன்னு நீங்க சொன்னீங்க. என் கையும் நல்லதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டும் இந்தா இருக்கு. உங்க தாடியும் ரெண்டு நாள் தாடி. உக்காருங்க, எடுத்து விடுறேன்."

அவர் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "வேலை நேரத்துல என்ன இது" என்றார். நான் கத்தியை அவரிடம் நீட்டினேன்.

"வார்ல நீங்களே இழுத்துக் குடுங்க. உங்க பேஸ்ட், உங்க வார், உங்க கை. நான் அப்பிடியே வாங்கி வைக்கிறேன்."

அவர் கத்தியை வாங்கவில்லை. அவருடைய கை தானாக எழும்பித் தொண்டையைத் தொட்டது. தொட்டது அவருக்கே தெரிந்திருக்காது. கடையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

சுரேஷ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உக்காருங்களேன்" என்று அவனும் சொன்னான்.

கிண்ணத்தில் நுரை அடங்கிக்கொண்டே போனது. முதலாளி உட்காரவில்லை.

சுரேஷ் குமாரிடம் திரும்பி, "நீங்க வாங்கண்ணே" என்றான். இருவரும் வெளியே போனார்கள். நான் கத்தியை மடித்து அந்தக் காலிக் கதிரையில் வைத்துவிட்டு, என் துவாலையை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.